நீ எதில் எழுதுகிறாய்

எல் அல்த்தோவில் காற்றுக்கும் தட்டுப்பாடு.
கடலோரத்தில் அள்ளிக் கொடுப்பதை
இங்கே சிட்டிகை சிட்டிகையாய்ப் போடுகிறார்கள்.
மனிதர்கள் பழகிவிடுவோம். மடிக்கணினி பழகாது.
வட்டு சுழலும் பழைய பெட்டிகளில்
ஊசி ஒரு காற்று மெத்தையின் மேல் மிதக்கும்;
நாலாயிரத்துச் சொச்சம் மீட்டர் உயரத்தில்
மெத்தையில் பஞ்சு இல்லை.
கேட்டால் சொல்வேன்.
இதுவரை யாரும் கேட்டதில்லை.

ஞாயிறு. ஜூலை பதினாறு சந்தை.
ஒரு பக்கம் கழற்றிப்போட்ட மினிபஸ் கதவுகள்,
மறுபக்கம் வறுத்த பன்றித்தோல்,
நடுவில் நீலத் தார்ப்பாய்க்கு அடியில்
நானும் பதினோரு கணினிகளும்.

செனோபியா கல்யிசாயா வந்தாள்,
மினிபஸ் சங்கத்தின் கணக்கெழுத்தாளர்.
எது மலிவு என்று கேட்கவில்லை.
எது வேகம் என்றும் கேட்கவில்லை.
வெள்ளி நிறத்தில் மினுக்கிய ஒன்றைத் தூக்கி
திறந்தாள், மூடினாள்,
திறந்தாள், மூடினாள்,
மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்ப்பவள் போல
அவசரமே இல்லாமல், இருபது தடவை.
பிறகு கீலோரம் காதை வைத்தாள்.

எனக்கு அந்தக் குளிரிலும் வேர்த்தது.
அந்தக் கீலின் திருகாணி
வெள்ளிக்கிழமை இரவு நான் பசை வைத்து ஒட்டியது.

"எவ்வளவு?"
"ஆயிரத்து நூறு பொலிவியானோ."
தார்ப்பாயில் எழுதியிருந்த என் பெயரை
ஒருமுறை வாசித்துக்கொண்டாள்.
"போன வருஷமும் இதே விலைக்கு ஒன்று வாங்கினேன், ரொமுலோ.
ஏழு மாதம் இருந்தது.
நாளொன்றுக்கு ஐந்தேகால்.
வாங்கினதாய் நினைத்தேன்,
வாடகைக்குத்தான் இருந்திருக்கிறது."

கண்ணாடிப் பெட்டியைத் திறந்து
மூவாயிரத்து அறுநூறைக் காட்டினேன்.
உறை பிரிக்காதது. இளம்பெண்கள் விரும்பிப் பார்ப்பது.
பயணச்சீட்டின் முதுகில் பென்சிலால் வகுத்தாள்.
"அறுநூற்று எண்பத்தாறு நாள் இது உயிரோடு இருந்தால்
அந்தப் பழைய பாவத்துக்குச் சரிசமம்.
அதற்கு மேல் இருந்தால்தான் எனக்கு லாபம்.
இருக்குமா?"

நல்ல பெயருள்ள கம்பெனி, என்றேன்.
பெயர் எந்த ஊரில் நல்லது, என்றாள்.
இந்த மெல்லிய காற்றில்
அதன் சின்ன விசிறி எவ்வளவு தவிக்கும் என்று
எனக்குத் தெரியும். சொல்லவில்லை.
கேள்வி வேறு மாதிரி வந்திருந்தால் சொல்லியிருப்பேன்,
அப்படித்தான் இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

"சரி. நீ எதில் எழுதுகிறாய்?"

பக்கத்து அடுப்பில் பன்றித்தோல் வெடித்தது.
தலைக்கு மேல் சிவப்புக் கம்பிவண்டி
ஒன்று போய், இன்னொன்றும் போனது.

முழங்காலுக்குக் கீழே இருந்ததை எடுத்துக் காட்டினேன்.
கறுப்பு. செங்கல் கனம்.
டென்மார்க்கில் ஏதோ பள்ளிக்கூடம் கழித்துக்கட்டியது,
மூடியில் இன்னும் ஒரு வாத்துப் படம்.
ஒன்பது வருஷம். விசிறி இரண்டு முறை மாற்றினேன்,
சுழலும் வட்டைப் பிடுங்கி எறிந்து
சுழலாததை வைத்தேன்.
'ஆர்' விசை உதிர்ந்து குமிழ் மட்டும் நிற்கிறது;
என் பெயரே அதில்தான் தொடங்குகிறது.

"இது விற்பனைக்கு இல்லை."
"அதனால்தான் விலை கேட்கிறேன்."

இரண்டாயிரத்து ஐந்நூறு என்றேன், போய்விடுவாள் என்று.
ஆயிரத்து அறுநூறு என்றாள்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில் இருவரும் மூச்சு வாங்கினோம்.
பாதி நோட்டு, பாதி சில்லறை,
மினிபஸ் கட்டணத்தின் வெதுவெதுப்பு போகாத சில்லறை.
எண்ணி முடித்தபின் கையை நீட்டியபடியே நின்றாள்:
கொசுறு.
கொசுறு இல்லாமல் இந்தச் சந்தையில்
உருளைக்கிழங்கு கூட நகராது.
பழைய பைதான் கொடுக்க நினைத்தேன்.
அவள் உபரி விசிறி கேட்டாள்.
டப்பாவில் கடைசியாய் இருந்ததைக் கொடுத்தேன்.

இருட்டிய பிறகு
அன்றைய வரவைக் குறிக்க வேண்டியிருந்தது.
வெள்ளி நிறத்தைத் திறந்தேன், இருபத்தோராவது தடவை.
திரை மெதுவாகப் பின்னால் சாய்ந்து
தூங்கப்போகிறவன் மாதிரி படுத்துக்கொண்டது.
பீன்ஸ் மூட்டையை முட்டுக்கொடுத்து நிமிர்த்தினேன்.
விசிறி ஊளையிட்டது.
'ஆர்' இதில் இருக்கிறது.
என் பெயரை முழுதாய் அடித்து,
அதற்குக் கீழே
நாளொன்றுக்கு எனக்கு என்ன வாடகை என்று
வகுக்க ஆரம்பித்தேன்.